அரிப்பும் ஒளியும்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் ஓயாமல் கையைச் சொறிந்துகொண்டிருந்தான். இருமுறை கண்டித்தேன். மூன்றாம் முறை பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னேன். நின்றபோதும் அவன் கை ஓயவில்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிறிது சிரித்தேன் என்றே நினைவு.

மாலையில் அவனுடைய தாயார் அவனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஒன்றும் பேசாமல் பையனின் சட்டைக் கையை மேலே மடித்துக் காட்டினார். முழங்கையின் உட்புறம் தோல் தடித்துக் கறுத்து, நகம் பட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்து உலர்ந்திருந்தது. "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழைத்துச் சென்றார். ஒழுங்கின்மை என்று நான் எண்ணியது நோய் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாணவ நண்பர்களே, வலியைக் கண்டால் இரங்குகிற உலகம் அரிப்பைக் கண்டால் நகைக்கிறது. காலில் கட்டுப் போட்டவனுக்கு இடம் விடுகிறோம். சொறிகிறவனிடமிருந்து விலகி அமர்கிறோம். ஆயினும் அரிப்பு ஒருவனுடைய உறக்கத்தைப் பறிக்கும், வேலையைக் கெடுக்கும், மானத்தையும் வாங்கும். சொறியவேண்டும் என்ற விருப்பத்தைத் தூண்டும் துன்ப உணர்ச்சியே அரிப்பு என்று சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1660ஆம் ஆண்டிலேயே இலக்கணம் வகுத்தார். இன்றைய மருத்துவ நூல்களும் ஏறத்தாழ அவ்விலக்கணத்தையே கூறுகின்றன.

நான் அன்று நடத்திய பாடத்திலேயே இதற்கு ஒரு சான்று இருந்தது. நான்தான் அதனைக் காணவில்லை. புரட்சித் தலைவர்களுள் ஒருவராகிய ழான் போல் மரா, கொடிய அரிப்புடைய தோல் நோயால் பல ஆண்டுகள் வாடினார். மருந்து கலந்த நீர்த்தொட்டியில் அமர்ந்திருந்தால் மட்டுமே அவருக்குச் சிறிது அமைதி. தொட்டியின்மீது பலகையை இட்டு அங்கேயே எழுதினார். அங்கேயே வந்தவர்களைக் கண்டார். 1793 ஜூலை 13ஆம் நாள் சார்லோட் கோர்டே என்னும் பெண் அவரைக் குத்திக் கொன்றதும் அத்தொட்டியிலேதான். அந்தக் கொலையை ஆண்டோடும் நாளோடும் சொல்லித் தந்த நான், அம்மனிதர் தொட்டியில் ஏன் அமர்ந்திருந்தார் என்று மாணவர்க்குச் சொன்னதில்லை.

இந்த அரிப்பைத் தணிக்க மனிதன் ஒளியைத் துணைக்கு அழைத்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன். ஒளி தோலைச் சுடும் என்பதை உழவரும் மீனவரும் அறிவர். அந்த ஒளியே தோலுக்கு மருந்தாவது எவ்வாறு?

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அப்பாலும் கதிர்கள் உண்டு என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. 1801ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்து, வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்திலே அவ்வுப்பு விரைவில் கறுத்தது. ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தோன்றாத இடத்தில் வைத்தபோது அதனினும் விரைவில் கறுத்தது. அவ்விடத்தில் விழுந்த கதிர்களையே நாம் இன்று புற ஊதாக் கதிர்கள் என்கிறோம்.

இனி, ஒளியை மருத்துவமனைக்குள் அழைத்து வந்தவரைக் காண்போம். டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த பரோ தீவுகளில் 1860ஆம் ஆண்டில் பிறந்தவர் நீல்ஸ் ரூபெர்க் ஃபின்சென். ஐஸ்லாந்தில் பள்ளிப் படிப்பை முடித்து, கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்று, 1890இல் பட்டம் பெற்றார். இளமையிலேயே தீராத நோய் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. வடக்கு நோக்கிய, வெயில் புகாத அறையில் வாழ்ந்த அவர், சோர்வுற்ற தம் உடலுக்கு வெயில் நலம் செய்கிறது என்பதை உணர்ந்தார். வெயிலில் படுத்திருந்த பூனை ஒன்று, நிழல் நகர்ந்து வரவர எழுந்து வெயிலுக்கே மாறி மாறிப் படுத்ததைக் கண்டு அவர் சிந்தனையில் ஆழ்ந்தார் என்றும் கூறுவர்.

அந்நாளில் ஐரோப்பாவில் லூபஸ் என்னும் நோய் பலருடைய முகத்தை அரித்து உருக்குலைத்து வந்தது. லூபஸ் என்றால் இலத்தீன் மொழியில் ஓநாய். காசநோய்க் கிருமி தோலைப் பற்றுவதால் வருவது அந்நோய். நோயுற்றோர் முகத்தை மூடிக்கொண்டு வாழ்ந்தனர். 1895ஆம் ஆண்டில், வேறு சிகிச்சைகள் எவையும் பயன் தராத பொறியாளர் ஒருவருக்கு, கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் ஃபின்சென் ஒளிச் சிகிச்சையைத் தொடங்கினார். கார்பன் வில் விளக்கின் ஒளியை லென்ஸுகளால் ஒருமுகப்படுத்தினார். வெப்பம் தோலைச் சுடாதிருக்க ஒளியை நீரினூடே செலுத்தினார். குருதி ஒளியைத் தடுக்காதிருக்கப் படிகக்கல் ஒன்றால் அவ்விடத்தை அழுத்திப் பிடிக்கச் செய்தார். ஒரு காசளவு இடத்திற்கு நெடுநேரம் ஒளி. மறுநாள் அடுத்த இடம். இத்துணைப் பொறுமை அதற்கு வேண்டியிருந்தது. பொறியாளரின் முகம் தேறியது.

1896இல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பெற்றது. டென்மார்க்கு அரச குலத்தில் பிறந்து இங்கிலாந்தில் மணம் புகுந்த அலெக்சாந்திரா, 1900ஆம் ஆண்டில் அவ்விளக்கை இலண்டன் மருத்துவமனைக்கு வரச் செய்தார். 1903இல் ஃபின்செனுக்கு மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பெறச் செல்லவும் இயலாத நிலையில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே, தம் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். புற ஊதாக் கதிர்களே கிருமிகளைக் கொன்றன என்பது அக்காலத்தார் கருத்து. ஃபின்சென் கையாண்ட பழைய கருவிகளை டென்மார்க்கு ஆய்வாளர் அளந்து பார்த்து, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கிருமியைக் கொல்வதில் வல்ல குற்றலைக் கதிர்கள் அந்த லென்ஸுகளையும் நீரையும் கடந்து செல்லவே இல்லை என்பது புலப்பட்டது. கிருமியினுள்ளே இருக்கும் போர்பிரின் என்னும் பொருள் வேறு கதிர்களை ஏற்று, அதனால் கிருமி மடிந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். நோயாளிகள் நலம் பெற்றது உண்மை. நலம் பெற்ற காரணம் என்று நூறாண்டுகள் சொல்லிவந்தது பிழை. பயன் வேறு, விளக்கம் வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

லூபஸுக்கு ஒளி வேண்டாத காலமும் வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிடும் வந்தபின் ஃபின்செனுடைய விளக்குகள் அணைந்தன. ஆனால் அவர் திறந்த வழி அடைபடவில்லை. லூபஸை விட்டு, அரிப்போடு கூடிய பிற தோல் நோய்களின் பக்கம் அது திரும்பியது. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் கோக்கர்மன், 1925ஆம் ஆண்டில் சொரியாசிஸ் என்னும் செதிற்படைக்கு ஒரு முறையை வெளியிட்டார். நோயுற்ற தோலில் நிலக்கரித் தாரைப் பூசி, பின்னர்ப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவது அது. அழுக்கும் நாற்றமும் மிகுந்த முறைதான். எனினும் பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் நிலைத்திருந்தது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் மருத்துவர்கள் கார்போகி என்றும், வடநாட்டார் பாவ்சி என்றும் வழங்கும் செடியின் விதையைத் தோலில் உண்டாகும் வெண்புள்ளிக்குக் கொடுத்து, வெயிலில் காயச் செய்வது பழைய முறை. எகிப்தியர் நைல் நதிக்கரையில் வளரும் வேறொரு செடியை அவ்வாறே பயன்படுத்தினர். இரண்டிலும் மறைந்திருந்தது சொராலென் என்னும் ஒரே குடும்பத்துப் பொருள். கார்போகியின் தாவர நூற்பெயராகிய சொராலியா என்பதிலிருந்தே அப்பெயர் பிறந்தது. 1974ஆம் ஆண்டில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், பதக் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், சொராலெனை உட்கொள்ளச் செய்து, நீண்ட அலையுடைய புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிச் செதிற்படையைத் தணித்துக் காட்டினர். பழைய பட்டறிவுக்குப் புதிய அளவுகோல் கிடைத்தது. ஆனால் அம்முறையை மிகப் பலமுறை பெற்றவர்களிடத்தே தோல் புற்றுநோய் மிகுதியாக வருவது பின்னர்த் தெரிய வந்ததால், மருத்துவர்கள் இன்று அதனை எண்ணி எண்ணியே கையாள்கின்றனர்.

இதுகாறும் சொன்னவை கண்ணுக்குத் தெரியும் தோல் நோய்கள். தடிப்பும் செதிலும் மறைந்தால், ஒளி பயன் தந்தது என்று பார்த்தே அறியலாம். தோலில் ஒன்றுமே இல்லாமல் அரிப்பு மட்டும் வந்தால் என் செய்வது? சிறுநீரகம் பழுதுற்றவர் பலருக்கு அத்தகைய அரிப்பு வருகிறது. டயாலிசிஸ் என்னும் குருதித் தூய்மிப்பைப் பெற்று உயிர் பிழைத்தவர்கள், இரவெல்லாம் சொறிந்து வாடுகின்றனர். காணத் தடிப்பு இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே சான்று. அரிப்பு குறைந்தது என்று அவர் சொன்னால், குறைத்தது மருந்தா, மருத்துவர்மீது அவர் கொண்ட நம்பிக்கையா என்று எவ்வாறு அறிவது?

பாஸ்டன் நகரில் பார்பரா கில்கிரெஸ்ட் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இக்கேள்விக்கு விடை காண ஒரு சோதனையை நடத்தி, 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உழவர் ஒருவர் புதிய உரத்தைச் சோதிக்க விரும்பினால் என்ன செய்வார்? ஒரு பாத்திக்கு இட்டு, அடுத்த பாத்திக்கு இடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர்கள் செய்ததும் அதுவே. அரிப்பால் வாடிய சிறுநீரக நோயாளர் பதினெண்மரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு நடுத்தர அலையுடைய புற ஊதாக் கதிர். மற்றப் பிரிவினர்க்கு நீண்ட அலையுடைய, ஆற்றல் குறைந்த கதிர். இரு சாராரும் விளக்கின் முன்னே நின்றனர். இரு சாராரும் சிகிச்சை பெற்றதாகவே உணர்ந்தனர். முடிவு என்ன? நடுத்தர அலையைப் பெற்ற பதின்மரில் ஒன்பதின்மருக்கு அரிப்பு தணிந்தது. மற்றப் பிரிவில் எண்மரில் இருவருக்குத் தணிந்தது.

ஒன்பது என்னும் எண்ணைக் கண்டு மகிழ்வது எளிது. அந்த இரண்டு என்னும் எண்ணையும் மதியுங்கள். ஒப்பிடுவதற்கு இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால், தாமாகவோ நம்பிக்கையாலோ தேறுவோரும் உண்டு என்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அதே குழுவினர் 1979இல் வேறொரு புதுமையையும் வெளியிட்டனர். உடலின் ஒரு பாதிக்கு மட்டும் நடுத்தர அலைக் கதிரைப் பாய்ச்சினர். அரிப்போ இரு பாதிகளிலும் தணிந்தது. கதிர் பட்ட இடத்தோடு அதன் வேலை முடிவதில்லை. உடல் முழுவதும் பரவும் ஏதோ ஒரு மாற்றத்தை அது உண்டாக்குகிறது என்று அவர்கள் கருதினர்.

பின்னர், கதிர்களுக்குள்ளும் நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கும் முயற்சி நடந்தது. மிகக் குறுகிய அலைகள் தோலைச் சுடுகின்றனவேயன்றிச் செதிற்படையைக் குணமாக்குவதில்லை என்பதைப் பாரிஷ் முதலியோர் 1981இல் காட்டினர். அதனால் 311 நானோமீட்டரை ஒட்டிய கதிரை மட்டும் மிகுதியாகத் தரும் குழல் விளக்குகள் 1980களில் வழக்குக்கு வந்தன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், நெடுநாட் கரப்பானால் துன்புற்ற பெரியவர்களிடத்தே இவ்விளக்கைச் சோதித்தனர். ஒப்பிடுவதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளி சிலருக்குத் தரப்பட்டது. 311 கதிரைப் பெற்றவர்களே மிகுதியும் தேறினர். என் வகுப்பு மாணவனுடைய முழங்கையில் இருந்ததும் அந்தக் கரப்பானே.

ஒளி தோலினுள் செய்வது என்ன? இன்று நாம் அறிந்த அளவில் சொல்கிறேன். நடுத்தர அலைக் கதிர் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். அங்கே தேவையின்றிக் கூடி அழற்சியை வளர்க்கும் வெள்ளணுக்கள் பலவற்றை அது மடியச் செய்கிறது. அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சில அணுக்கள் வெளியிடுவதைக் குறைக்கிறது. மேல்தோலினுள் அளவுக்கு மீறி நீண்டு நுழைந்த மெல்லிய நரம்பு இழைகளும் இச்சிகிச்சைக்குப்பின் குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

அப்படியானால் செலவில்லாமல் வெயிலில் நிற்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. வெயிலில் பயன் தரும் கதிரும் சுடும் கதிரும் கலந்திருக்கின்றன. அதன் கடுமை மணிக்கு மணி மாறுகிறது. மருத்துவமனையிலோ, நோயாளியின் தோல் எவ்வளவு கதிரால் சிவக்கிறது என்பதை முதலில் சிறிய இடத்தில் சோதிப்பர். அதனினும் குறைந்த அளவில் தொடங்குவர். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, சிறிது சிறிதாகவே உயர்த்துவர். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி உண்டு. பெற்ற கதிரின் அளவெல்லாம் ஏட்டில் பதியப்படும். சில மருந்துகளை உட்கொள்வோர்க்கும் சில நோய்கள் உடையோர்க்கும் இவ்வொளி ஆகவே ஆகாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி என் தமையனாரைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பின்னர் அவருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. டயாலிசிஸால் உயிர் நின்றது. அரிப்பால் உறக்கம் போயிற்று. நள்ளிரவில் அவர் சுவரில் முதுகைத் தேய்க்கும் ஓசை அடுத்த அறையிலிருந்த எனக்குக் கேட்கும். களிம்புகளும் மாத்திரைகளும் உதவவில்லை. மருத்துவர் ஒளிச் சிகிச்சையைக் கூறினார். அலமாரி போன்ற ஒரு கூண்டு. உள்ளே நாற்புறமும் நீலம் படர்ந்த குழல் விளக்குகள். "அண்ணா, சூடாக இருக்கிறதா?" என்று வெளியிலிருந்து கேட்பேன். "ஒன்றும் தெரியவில்லையடா" என்பார். மூன்று வாரம் ஒரு மாறுதலும் இல்லை. ஐந்தாம் வாரத்தில் ஓர் இரவு சுவர் ஓசை கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். உறங்கிக்கொண்டிருந்தார்.

ஒளியே அவரை உறங்க வைத்தது என்று உங்களிடம் உறுதியாகச் சொல்ல நான் மிகவும் விரும்புகிறேன். வரலாற்றாசிரியனாகிய நான் அவ்வாறு சொல்லலாகாது. 2011ஆம் ஆண்டில் தைவானில், சிறுநீரக நோயாளர் சிலரிடத்தே 311 கதிரைச் சோதித்தனர். கில்கிரெஸ்ட் கையாண்ட பழைய விளக்கு பரந்த அலைகளைத் தந்தது. இது குறுகிய அலைவரிசை. இச்சோதனையில் அக்கதிரைப் பெற்றவர்க்கும் அரிப்பு குறைந்தது. ஒப்பீட்டுக்காக நீண்ட அலையைப் பெற்றவர்க்கும் குறைந்தது. இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. செதிற்படைக்கும் கரப்பானுக்கும் ஒளி நன்கு நிலைநாட்டப்பெற்ற மருத்துவம். சிறுநீரக அரிப்புக்கு அது சிலருக்குத் துணை செய்கிறது. ஆராய்ச்சி இன்னும் முற்றுப் பெறவில்லை. இவ்வளவே நேர்மையாகச் சொல்லக்கூடியது.

என் தமையனார் ஒன்பதின்மருள் ஒருவரா, அந்த இருவருள் ஒருவரா? ஒரு மனிதனைக் கொண்டு இதை அறிய வழியில்லை. அவரிடமே ஒருமுறை இதைச் சொன்னேன். "எதுவானால் என்ன தம்பி, நான் தூங்கினேன்" என்றார். நோயாளிக்கு அவ்விடை போதும். அடுத்த நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யவேண்டிய மருத்துவர்க்கு அது போதாது. அதற்காகத்தான் ஃபின்சென் தொடங்கி இன்றுவரை விளக்கை மாற்றி, அலையை மாற்றி, ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து வருகின்றனர்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் என்னைப்போல் ஆசிரியராகலாம். அரிக்கிறது என்று ஒருவர் சொன்னால், தோலில் ஒன்றும் தெரியாவிடினும் முதலில் அதை நம்புங்கள். தணிந்துவிட்டது என்று சொன்னால், மகிழ்ச்சியோடு ஏன் என்றும் கேளுங்கள். இவற்றுள் முதலாவதை ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் நான் செய்யத் தவறினேன். அம்மாணவனை அன்றே பெஞ்சிலிருந்து இறக்கி, அருகில் அழைத்து, கையைக் காட்டச் சொல்லியிருக்கவேண்டும்.